வெறும் வாயுக் கோளாறா, ஆபத்தின் அறிகுறியா? வயிற்றுப் பிரச்னைக்கு எப்போது ஆஸ்பத்திரிக்குப் போகணும்? டெல்டா மக்கள் தெரிஞ்சுக்க வேண்டிய முழு விளக்கம்

2022 ஜூலை முதல் வாரம். காவிரியின் கிளையான அரசலாறு கடலில் கலக்கும் காரைக்காலில், வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்கு வருபவர்களின் எண்ணிக்கை திடீரென எகிறியது. பரிசோதனையில் சிலருக்குக் காலரா உறுதியானது. ஜூலை 3ஆம் தேதி அங்கு பொது சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 144 தடை உத்தரவு வந்தது. பள்ளி, கல்லூரிகளுக்கு 3 நாள் விடுமுறை விடப்பட்டது. ஹோட்டல்களில் கொதிக்க வைத்த தண்ணீரைத்தான் தர வேண்டும் என உத்தரவு போடப்பட்டது.

"காலராவா? அது தாத்தா காலத்து நோயாச்சே" என்று பலரும் ஆச்சரியப்பட்டார்கள். ஆனால் அது எங்கேயும் போய்விடவில்லை. குடிநீரில் கழிவுநீர் கலந்தால் போதும், திரும்பி வந்துவிடும் என்பதைக் காரைக்கால் காட்டியது.

இன்னொரு விஷயத்தையும் அந்தச் சம்பவம் காட்டியது. வயிற்றுப்போக்கு வந்தவுடன் யாரும் அதைக் காலரா என்று நினைப்பதில்லை. "நேத்து சாப்பிட்டது ஒத்துக்கல" என்றுதான் நினைக்கிறோம். பெரும்பாலான நேரங்களில் அது உண்மையும்கூட. ஆனால் மீதி நேரங்களில்?

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என டெல்டா வீடுகளில் வயிற்றுப் பிரச்னைக்குச் சில பெயர்கள்தான் உண்டு. வாயு, சூடு, அஜீரணம், ஒத்துக்கல. சாதாரண நெஞ்செரிச்சலும் இந்தப் பெயரில் வரும், மாரடைப்பும் இதே பெயரில்தான் வரும். அதனால் என்ன பெயர் வைக்கிறோம் என்பதைவிட, வலியோடு கூடவே வேறென்ன வருகிறது என்பதைக் கவனிப்பதுதான் முக்கியம். அதைத்தான் இங்கே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

வயிற்றுப்போக்கு: உயிரை எடுப்பது எது?

ஒரு நாளில் 3 முறை அல்லது அதற்கு மேல் தண்ணீராகப் போனால் அது வயிற்றுப்போக்கு. வைரஸ், பாக்டீரியா, கெட்டுப்போன உணவு, அசுத்தமான தண்ணீர் எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். பெரும்பாலும் சில நாட்களில் தானாகவே சரியாகிவிடும்.

ஆபத்து கிருமியால் மட்டும் வருவதில்லை. உடம்பிலிருந்து தண்ணீரும் உப்பும் வெளியேறுவதுதான் உயிருக்கு உலை வைக்கிறது. காலராவில் இது மிக வேகமாக நடக்கும். மலம் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி போகும். மருத்துவப் புத்தகங்களிலும் அதற்கு அதே பெயர்தான். சிகிச்சை இல்லாவிட்டால் நல்ல திடகாத்திரமான ஆளே சில மணி நேரத்தில் இறந்துபோக வாய்ப்புண்டு.

மழைக்காலத்தில் டெல்டாவில் இந்தக் கவலை கூடுதல். நிலம் சமதளம், தண்ணீர் வடிய நேரமாகும். நிலத்தடி நீரும் பல இடங்களில் ஆழம் குறைவு. வடகிழக்குப் பருவமழையில் வயலும் வாய்க்காலும் தெருவும் ஒன்றாகும்போது, உடைந்த குழாய் வழியாகவோ, மூழ்கிய கைபம்பு வழியாகவோ கழிவுநீர் குடிநீரில் கலந்துவிடலாம். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் அடித்தபோது, மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாததால் பல கிராமங்களில் குடிநீருக்கே திண்டாட்டம் ஆனது நினைவிருக்கலாம்.

அதே நேரம், 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் எல்லோரும் பயந்த மாதிரி பெரிய அளவில் காலரா பரவவில்லை. முகாம்களில் குடிநீருக்குக் குளோரின் போட்டதும், தொடர்ந்து கண்காணித்ததும் அதற்கு முக்கியக் காரணங்கள். தண்ணீரைக் காப்பாற்றினால் நோயைத் தடுக்கலாம் என்பதற்கு இது நம்ம ஊர் சாட்சி.

ஓஆர்எஸ்: 1971ல் உயிர் காத்த உப்பு, சர்க்கரைக் கரைசல்

1971 வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா கொத்துக் கொத்தாக உயிர்களைப் பறித்தது. ரத்தக் குழாயில் ஏற்றும் சலைன் போதவில்லை. அப்போது மருத்துவர் திலிப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே குடிக்க வைக்கச் சொன்னார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு, அந்தக் கரைசலைக் குடித்தவர்களிடம் 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2022 அக்டோபரில் அவர் மறைந்தார். 2023ல் அவருக்குப் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

இதன் சூட்சுமம் எளிமையானது. சிறுகுடலில் உப்பு தனியாக உள்ளே போவதைவிட, குளுக்கோஸ் துணையோடு சுலபமாக உள்ளே போகும். உப்பு போனால் பின்னாடியே தண்ணீரும் போகும். வயிற்றுப்போக்கு இருக்கும்போதும் இந்த வழி வேலை செய்யும்.

எப்படிக் கொடுப்பது?

* பெரிய ஓஆர்எஸ் பாக்கெட் முழுவதையும் 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் கரைக்க வேண்டும். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் உண்டு. கவரில் எழுதியிருக்கும் அளவைப் படித்துவிட்டுக் கரையுங்கள்.
* பாதி பாக்கெட், அரை டம்ளர் எனக் கண்ணளவில் கரைக்கக் கூடாது. கெட்டியாகக் கரைத்தால் உப்பு கூடிவிடும். அது குழந்தைக்கு ஆபத்து.
* கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட்டு, மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும்.
* ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி, பெரியவர்களுக்கு வேண்டிய அளவு.
* வாந்தி எடுத்தால் 10 நிமிஷம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாக மறுபடி கொடுங்கள்.

பாக்கெட் கிடைக்காத ராத்திரியில், 1 லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு போட்டுக் கரைக்கலாம். ஸ்பூனைத் தலை தட்டி அளக்க வேண்டும்.

கடையில் டெட்ரா பேக்கில் விற்கும் இனிப்பு பானங்களை ஓஆர்எஸ் என்று நம்பி வாங்காதீர்கள். சர்க்கரை அதிகமான பானம் வயிற்றுப்போக்கை அதிகப்படுத்தும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்களில் ஓஆர்எஸ் என்ற பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. குளிர்பானங்களும் வேண்டாம்.

நம்ம ஊர் கஞ்சி உதவுமா?

உதவும். வங்கதேசத்தில் 1980களில் நடந்த ஆய்வுகளில், குளுக்கோஸுக்குப் பதில் அரிசி மாவு சேர்த்த ஓஆர்எஸ் கொடுத்தபோது, காலரா நோயாளிகளுக்கு மலத்தில் போகும் தண்ணீரின் அளவே குறைந்தது. அரிசியின் மாவுச்சத்து குடலில் மெதுவாக உடைந்து குளுக்கோஸாக மாறுவதுதான் காரணம்.

அதனால் உப்பு போட்ட கஞ்சித் தண்ணி, நீர்மோர், இளநீர் எல்லாம் லேசான வயிற்றுப்போக்குக்கு நல்லதுதான். ஆனால் கடுமையாகப் போகும்போது இதை மட்டும் நம்பக் கூடாது. அப்போது ஓஆர்எஸ்தான் முதலில், கஞ்சி கூடுதல்.

"வயித்தால போகுது, ஒண்ணும் குடுக்காத" என்று பட்டினி போடுவது தவறு. இட்லி, குழைஞ்ச சாதம், வாழைப்பழம் கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழந்தைகளுக்கு டாக்டர் சொல்படி 14 நாள் துத்தநாக மாத்திரையும் தரப்படும். மலத்தை உடனே நிறுத்தும் மாத்திரைகளைக் குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்கவும் வேண்டாம்.

எப்போது உடனே கிளம்ப வேண்டும்?

* கண் குழி விழுந்து, நாக்கு வறண்டு, தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்பினால்
* 6 மணி நேரமாகச் சிறுநீரே போகாவிட்டால்
* குழந்தை துவண்டு போனால், அழும்போது கண்ணீர் வராவிட்டால், குடிக்க மறுத்தால்
* மலத்தில் ரத்தம் அல்லது சளியோடு காய்ச்சல் இருந்தால். இதைத்தான் ஊரில் சீதபேதி, வயித்துக்கடுப்பு என்பார்கள்
* அரிசி கழுவின தண்ணீர் மாதிரி அடுத்தடுத்துப் போனால்
* எதைக் குடித்தாலும் வாந்தியில் வெளியே வந்தால்

ஒரே தெருவில் நாலைந்து பேருக்கு ஒரே நேரத்தில் வாந்தி, பேதி என்றால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஊராட்சிக்கும் தகவல் சொல்லுங்கள். அது தண்ணீர்ப் பிரச்னையாக இருக்கலாம்.

நெஞ்செரிச்சல், அல்சர்: காபி மட்டுமா காரணம்?

விடியற்காலையில் ஒரு காபி, வெத்தலை சீவல், நேராக நடவு வயல். சாப்பாடு 11 மணிக்கோ 12 மணிக்கோ. ராத்திரி நிறைய சாப்பிட்டதும் படுக்கை. டெல்டாவில் பலருடைய நாள் இப்படித்தான் ஓடுகிறது. கூடவே குனிந்தே செய்யும் வேலை. இரைப்பை அமிலம் மேலே ஏறி நெஞ்சைக் கரிக்க இவையெல்லாம் உதவி செய்யும்.

இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 2, 3 மணி நேரம் இடைவெளி விடுவது, தலைமாட்டை உயர்த்திப் படுப்பது, புகையிலை, மதுவை விடுவது போன்ற மாற்றங்களிலேயே பலருக்கு நெஞ்செரிச்சல் குறையும்.

அல்சர் என்பது இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ விழும் புண். "காரம் சாப்பிட்டுச் சாப்பிட்டு அல்சர் வந்துடுச்சு" என்பார்கள். காரம் எரிச்சலைக் கூட்டலாம். ஆனால் புண் வர முக்கியக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. இதைக் கண்டுபிடித்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பேரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005ல் நோபல் பரிசு கிடைத்தது. மருந்து சாப்பிட்டு இந்தக் கிருமியை ஒழித்தால் அல்சர் திரும்ப வருவது வெகுவாகக் குறையும்.

இரண்டாவது காரணம் வலி மாத்திரை. நடவு, களை எடுப்பு, அறுப்பு நாட்களில் இடுப்புவலி, மூட்டுவலிக்கு மெடிக்கலில் "ஒரு செட்டு" மாத்திரை வாங்கிப் போடுவது நிறைய பேருக்குப் பழக்கம். அதில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் இருக்கலாம். வெறும் வயிற்றில் நாள் கணக்கில் போட்டால், இரைப்பையின் பாதுகாப்புப் படலம் தேய்ந்து புண் விழும். சில நேரம் வலியே தெரியாமல் உள்ளுக்குள் ரத்தம் கசியும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி, மலத்தின் நிறம். தார் மாதிரி கருப்பாக, பிசுபிசுப்பாக, கெட்ட நாற்றத்தோடு போனால் அது மேல் குடலில் ரத்தம் கசிவதன் அடையாளம். ரத்த வாந்தியோ, காபித்தூள் கலந்த மாதிரி வாந்தியோ வந்தாலும் அப்படித்தான். ஒரு நிமிஷமும் யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் மலம் கருப்பாகப் போகலாம். டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

விழுங்கச் சிரமம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, 50 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் அஜீரணம் இருந்தால் எண்டோஸ்கோபி தேவைப்படலாம். வருஷக்கணக்கில் ஜெலுசில் குடித்துச் சமாளிப்பதற்குப் பதில், ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது.

"வாயு புடிச்சுக்கிச்சு": மாரடைப்பு ஏமாற்றும் இடம்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

மாரடைப்பு எப்போதும் சினிமாவில் வருவது போல நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவதாக வராது. மேல் வயிற்றில் அழுத்தம், எரிச்சல், குமட்டல், ஏப்பம் என்று வரலாம். பெண்கள், முதியவர்கள், சர்க்கரை நோயாளிகளுக்கு இப்படி வர வாய்ப்பு அதிகம். வீட்டில் ஓமத் தண்ணியும் சோடாவும் பெருங்காயமும் கொடுத்துப் பார்ப்பார்கள். அதற்குள் பொன்னான ஒன்றிரண்டு மணி நேரம் போய்விடும்.

இவற்றில் எது இருந்தாலும் வாயு என்று நினைக்காதீர்கள்:

* வலி நெஞ்சு, இடது கை, தோள், தாடை, முதுகுக்குப் பரவுவது
* குப்பென்று குளிர்ந்த வியர்வை
* மூச்சு வாங்குவது, தலைசுற்றல்
* நடந்தால் கூடி, நின்றால் குறையும் அசௌகரியம்
* இதுவரை வராத மாதிரியான "வாயுத் தொல்லை", அதுவும் 40 வயதுக்கு மேல் அல்லது சர்க்கரை, பிரஷர் உள்ளவர்களுக்கு

செய்ய வேண்டியது, உடனே 108க்கு போன் போட்டு, ஒரு ஈசிஜி எடுப்பது. பைக்கில் உட்கார வைத்து நீண்ட தூரம் கூட்டிப் போகாதீர்கள். தமிழக அரசின் இதயம் காப்போம் திட்டம் 2023ல் தொடங்கியதிலிருந்து, மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே தரப்படுகின்றன. ஈசிஜி எடுத்து, கடைசியில் வாயுதான் என்று தெரிந்தால் அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வயலிலிருந்து வரும் வயிற்று வலி

நெல் விளையும் மண்ணில் வயிற்று வலிக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டையும் அஜீரணம் என்று தவறாக நினைக்க வாய்ப்பு அதிகம்.

முதலாவது, கட்டுவிரியன் கடி. இது ராத்திரியில் நடமாடும் பாம்பு. தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கடிக்கும். வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது, கடித்த தடமே தெரியாமலும் போகும். தூங்கினவர் விடியற்காலையில் கடுமையான வயிற்று வலி, வாந்தியோடு எழுந்திருப்பார். பிறகு கண் இமை தானாக மூடும், பார்வை இரட்டையாகும், பேச்சு குழறும், கடைசியில் மூச்சுத் தசைகளே செயலிழக்கும். களத்திலோ திண்ணையிலோ தரையில் படுத்தவருக்கு இப்படி வயிற்று வலியும் இமைச் சரிவும் சேர்ந்து வந்தால், பாம்புக்கடியாக இருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

இரண்டாவது, பூச்சிமருந்து. மருந்தடித்துவிட்டு வந்த அன்றைக்கே வாந்தி, வயிற்றுப் பிசைவு, பேதியோடு வாயில் எச்சில் ஒழுகினால், வியர்த்துக் கொட்டினால், கண்மணி சுருங்கினால், தசை துடித்தால் அது நச்சுத்தன்மை. மருந்து தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். நனைந்த துணியைக் கழற்றி, சோப்புப் போட்டு உடம்பைக் கழுவிவிட்டு உடனே கிளம்ப வேண்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மருந்து டப்பாவைக் கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிந்தால் டாக்டருக்குச் சிகிச்சை சுலபம்.

எந்த இடத்தில் வலிக்கிறது?

வலி இருக்கும் இடம் ஓரளவுக்குக் காரணத்தைக் காட்டிக் கொடுக்கும்.

* தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு நகரும் வலி, கூடவே பசியின்மை, குமட்டல், லேசான காய்ச்சல்: குடல்வால் அழற்சியாக இருக்கலாம்.
* எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வலது விலாவுக்குக் கீழே வந்து, வலது தோளுக்கு ஏறும் வலி: பித்தப்பைக் கல்.
* மேல் வயிற்றில் தொடங்கி முதுகுக்குத் துளைத்துப் போவது போன்ற கடும் வலி, நிற்காத வாந்தி: கணைய அழற்சி. மது குடிப்பவர்களுக்கும் பித்தப்பைக் கல் உள்ளவர்களுக்கும் அதிகம்.
* விலாவிலிருந்து இடுப்பு வழியாக அடிவயிற்றுக்கு இறங்கி, விட்டுவிட்டு முறுக்கும் வலி: சிறுநீரகக் கல்.
* வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் பிரியாத நிலை: குடல் அடைப்பு.
* மாதவிடாய் தள்ளிப்போன பெண்ணுக்குத் திடீர் அடிவயிற்று வலி, மயக்கம்: கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். இது உயிர் போகும் அவசரம்.

வயிறு கட்டை மாதிரி இறுகி, தொட்டாலே அலறுகிற வலி என்றால் எதையும் சாப்பிடக் கொடுக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஆபரேஷன் தேவைப்படலாம்.

ஊர்களில் இப்போதும் வயிறு உருவி விடும் பழக்கம் இருக்கிறது. குடல்வால் வீங்கியிருக்கும்போது உருவினால் அது வெடித்துச் சீழ் வயிறு முழுக்கப் பரவலாம். பேதி மருந்து கொடுத்தாலும் அதே ஆபத்து. சில நேரம் குடல்வால் வெடித்தவுடன் வலி கொஞ்சம் குறைந்த மாதிரி இருக்கும். "உருவினதுல சரியாயிடுச்சு" என்று நினைத்து விட்டுவிட்டால், அடுத்த நாள் நிலைமை கைமீறிவிடும்.

குழந்தைக்குக் குடலேத்தமா, தொக்கமா?

கைக்குழந்தை பால் கக்கினால் குடலேத்தம் என்று தட்டுவதும், சாப்பிடாவிட்டால் தொக்கம் எடுக்கப் போவதும் டெல்டாவில் புதிதல்ல. குழந்தை ஏன் சாப்பிடவில்லை என்ற பெற்றோரின் கவலை நியாயமானது. ஆனால் தலைகீழாகப் பிடித்துக் குலுக்குவதும், தொண்டையில் ஊதுவதும், விரலை விட்டு எடுப்பதும் குழந்தைக்குக் காயத்தை, தொற்றை, மூச்சுத் திணறலைத் தரலாம். வயிற்றுப்போக்கில் தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்த அரை நாள் தாமதமே ஆபத்து.

குழந்தை விட்டுவிட்டு வீறிட்டு அழுது, காலை மடக்கி, ஜெல்லி மாதிரி ரத்தம் கலந்த மலம் போனால், குடல் ஒன்றுக்குள் ஒன்று செருகியிருக்கலாம். பச்சை நிற வாந்தியும் அவசர நிலைதான்.

குழந்தைகளின் கடும் வயிற்றுப்போக்குக்கு முக்கியக் காரணமான ரோட்டா வைரஸுக்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. தமிழகத்தில் 2017லிருந்து அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 6, 10, 14 வாரங்களில் இலவசமாகத் தரப்படுகிறது. ஆரோக்கியமான குழந்தைக்கும் தவறவிடாதீர்கள்.

மஞ்சள் காமாலைக்கு கீழாநெல்லி போதுமா?

மஞ்சள் காமாலை ஓர் அறிகுறிதான். அசுத்தத் தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் ஏ, இ வைரஸால் வந்தால் பெரும்பாலும் ஓய்விலேயே குணமாகும். கீழாநெல்லி குடித்தவருக்கும் குடிக்காதவருக்கும் அது தானாகச் சரியாவதால்தான், மருந்து வேலை செய்த மாதிரி தெரிகிறது.

ஆனால் பித்தநாளத்தில் கல், கட்டி, மதுவால் கெட்டுப்போன கல்லீரல், எலிக்காய்ச்சல் என வேறு காரணமும் இருக்கலாம். வயல் தண்ணீரில் வேலை செய்பவர்களுக்குக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்போடு மஞ்சள் வந்தால் எலிக்காய்ச்சலைச் சந்தேகிக்க வேண்டும். அதனால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் எந்த வைத்தியமும் வேண்டாம்.

கர்ப்பிணிகள் கூடுதல் கவனம். கடைசி 3 மாதங்களில் ஹெபடைடிஸ் இ வந்தால் உயிராபத்து மிக அதிகம். மஞ்சளோடு குழப்பமான பேச்சு, அதிகத் தூக்கம், ரத்தக்கசிவு வந்தால் யாராக இருந்தாலும் உடனே அட்மிட் ஆக வேண்டும்.

மலச்சிக்கல், மூலம், ஐபிஎஸ்

தண்ணீரும் கீரை, காய்கறி, பழமும் கூடினால் சாதாரண மலச்சிக்கல் குறையும். பரீட்சை, கல்யாண வேலை என டென்ஷன் வந்தாலே வயிறு பிசைந்து, போய்விட்டு வந்ததும் நிம்மதியாவது ஐபிஎஸ் எனப்படும் குடல் எரிச்சல் நோயாக இருக்கலாம். தொல்லை தரும், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை.

மலத்தில் ரத்தம் வந்தால் பலரும் மூலம் என்றே முடிவு கட்டி, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, பவுத்திர போர்டு மாட்டியிருக்கும் இடத்துக்குப் போகிறார்கள். பெருங்குடல் புற்றுநோயும் இதே மாதிரிதான் தொடங்கும். ரத்தத்தோடு மலம் கழிக்கும் பழக்கமே மாறியிருந்தால், எடை குறைந்தால், சோர்வு, ரத்தசோகை இருந்தால் டாக்டர் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் குணப்படுத்த வாய்ப்பு அதிகம்.

எங்கே போகலாம்?

சாதாரணப் பிரச்னைக்கு அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையமே போதும். ஓஆர்எஸ், துத்தநாக மாத்திரை அங்கே இலவசம். சந்தேகம் கேட்க 104, அவசரத்துக்கு 108. பெரிய சிகிச்சைக்குத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தாய், சேய் பிரிவுகளுக்கு ராசா மிராசுதார் மருத்துவமனை இருக்கின்றன. திருவாரூரிலும் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. கும்பகோணம், பட்டுக்கோட்டை, மன்னார்குடியில் அரசு மருத்துவமனைகள் உண்டு.

போகும்போது எப்போது தொடங்கியது, எத்தனை முறை போனது, என்ன நிறம், என்னென்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதை ஒரு சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து கொடுத்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சுருக்கமாக, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்க

வீட்டிலேயே பார்க்கலாம்: ஒன்றிரண்டு நாள் லேசான பேதி, சாப்பிட்ட பின் உப்புசம், எப்போதாவது நெஞ்செரிச்சல். நன்றாகக் குடிக்க முடிகிறது, சிறுநீர் போகிறது, காய்ச்சல் இல்லை.

ஓரிரு நாளில் டாக்டரைப் பாருங்கள்: பெரியவருக்கு 2 நாளைத் தாண்டிய பேதி, மஞ்சள் காமாலை, 2 வாரத்துக்கு மேல் அஜீரணம், எடை குறைவு, மலத்தில் அவ்வப்போது ரத்தம். கைக்குழந்தை, கர்ப்பிணி, முதியவர், சர்க்கரை நோயாளி என்றால் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள்.

இப்போதே கிளம்புங்கள்: ரத்த வாந்தி, தார் போன்ற மலம், வியர்வையோடு மேல் வயிற்று வலி, கட்டை போல் இறுகிய வயிறு, சிறுநீர் நின்றது, துவண்ட குழந்தை, இமைச் சரிவு, மயக்கம்.

காரைக்காலில் 2022ல் மக்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது, தண்ணீரைக் கொதிக்க வையுங்க, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, வயித்தால போனா ஆஸ்பத்திரிக்கு வாங்க என்பதுதான். இன்றைக்கும் அதுவே பொருந்தும். "காலைல பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போடும் முன், மேலே இருக்கும் கடைசிப் பட்டியலை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

(இது பொதுவான தகவலுக்காக மட்டுமே. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்று அல்ல.)